மீட்டரம்மா அளந்த சக்கரம்

மின்சார அலுவலகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி மீட்டர் சோதனைக் கூடம் இருந்தது. நீளமான ஒரு மேசை, அதன்மேல் ஒரே நேரத்தில் எட்டு மீட்டர்களை மாட்டக்கூடிய இரும்புச் சட்டம், ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூல மீட்டர். ஊரிலுள்ள மீட்டரெல்லாம் சரியா தப்பா என்று சொல்வது அந்த மூல மீட்டர்தான். அதுவே சரிதானா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சு சுற்றி மரப்பெட்டியில் வைத்துத் தலைமை நிலையத்துக்கு அனுப்புவார்கள். போனது திரும்பி வரும்வரை மீட்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. பரீட்சை எழுதப் போன பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு அந்தக் கூடத்தில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலதிகாரியிலிருந்து டீ கொண்டுவருபவர்வரை எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. கல்யாணம் இரண்டு தரம் பேச்சோடு நின்றது. மூன்றாம் தரம் அவளே வேண்டாமென்றுவிட்டாள். "உங்க மீட்டர் பொய் சொல்லுது" என்று சண்டைக்கு வருபவர்களிடம்கூட அவள் குரலை உயர்த்தியதில்லை. "மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. சொல்ல வைக்கத் தெரிஞ்சவங்கதான் இருக்காங்க. மாட்டிப் பாத்துடலாம், உக்காருங்க" என்பாள். மாட்டிப் பார்த்தால் பத்தில் எட்டு சரியாகவே இருக்கும். மீதி இரண்டில் ஒன்றுக்கு வயதாகியிருக்கும். இன்னொன்றின் முதுகில் யாரோ காந்தம் ஒட்டிய தடம் தெரியும்.

ஒருநாள் காலை, புகார் கொண்டுவந்தவர்களோடு பெஞ்சில் வரிசையாக அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. லேத் பட்டறைக்காரரின் விரல்கள். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது.

"என்னண்ணா, ஆபீசுக்கே வந்துட்டீங்க? வீட்டுல ஏதாவது…?"

"வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வரிசைப்படி வரட்டும்னு உக்காந்திருக்கேன்." தன்முறை வரும்வரை அவர் நிஜமாகவே காத்திருந்தார். பிறகு மேசைக்கு அருகே வந்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "மெஷின் ஓடுது பாப்பா. தானா ஓடுது. நீதான் வந்து அளக்கணும்."

ஐம்பத்தொரு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

*

அப்பா இறந்துபோனபோது அவளுக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அடுத்த வாரமே அவர் பள்ளிக்கூடத்துப் பையை ஆணியில் மாட்டிவிட்டு லேத் பட்டறைக்குப் போனார். அந்தப் பையை வேறு யாரும் தொடக்கூடாது என்றார். தங்கை மட்டும் தொடலாம். அவள் படித்தாள். சாயங்காலம் அவள் உரக்கப் படிக்க, அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து நிறுத்தினால், "ம், மேல படி" என்பார்.

அவள் பத்தாவது படித்த வருஷம் ஒரு வரி வந்தது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "அழிக்க முடியாதா?"

"முடியாதாம்."

"அப்புறம் எப்படித் தீர்ந்துபோகுது? லேத்தை நிறுத்தினா சக்கரம் கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் நிக்குது. சுத்தினது எங்க போச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அறிவியல் பரீட்சை. "பரீட்சைக்கு இவ்வளவு போதும்ணா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அவள் திருப்பிவிட்டாள், அவர் திருப்பவில்லை. அழிக்க முடியாது என்று அச்சடித்த புத்தகமே சொல்லிவிட்டது. அப்படியானால் அது எங்கோ இருக்கிறது, பிடிக்கத் தெரியாமல் நாம்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் மனசில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது. கல்யாணமாகி, பட்டறை சொந்தமாகி, நாற்பது வயதில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். தொண்ணூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வார்ப்பிரும்புச் சக்கரத்தைத் தானே கடைந்து, தண்டில் ஏற்றி, வேகமாகச் சுழற்றிவிட்டு, எத்தனை நேரம் ஓடுகிறது என்று சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். முதல் வருஷம் நான்கு நிமிடம். பேரிங்கை மாற்றினார், ஒன்பது. சக்கரத்தின் ஒருபக்கக் கனத்தை மயிரிழை மயிரிழையாகச் சீவிச் சமன் செய்தார், பதினேழு. காற்று உரசாமலிருக்க மேலே கண்ணாடிச் சன்னல் வைத்த தகரக்கூடு போட்டார், இருபத்தெட்டு. பதினைந்தாம் வருஷம் நாற்பத்தொன்று.

நான்கிலிருந்து நாற்பத்தொன்றுவரை வந்தவருக்கு, அங்கிருந்து என்றென்றைக்கும் என்பது இன்னும் கொஞ்ச தூரமாகத் தெரிந்தது. யாராயிருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அண்ணி வாய்த்துடுக்குக்காரி. "உங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி சுத்திக்கிட்டே இருப்பா, இன்னொருத்தி கத்திக்கிட்டே இருப்பா. சுத்துறவளைத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு" என்பாள். மீட்டரம்மா சிரிப்பாள். கொட்டகைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். போனால் ஏதாவது சொல்லவேண்டி வரும். சொல்லவேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். தன்னைப் படிக்கவைத்த மனுஷனிடம் அந்தப் படிப்பை வைத்தே எப்படிப் பேசுவது? ஏதோ பொம்மை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதினெட்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொம்மையாகவே இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. கடைசி மூன்று வருஷத்தில் அவர் சக்கரத்தின் ஒருபக்கம் மோட்டாரையும் மறுபக்கம் ஜெனரேட்டரையும் பூட்டினார். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் தருகிற மின்சாரத்தில் ஒரு பங்கு திரும்ப மோட்டாருக்கே போகும், மிச்சம் நமக்கு. காதுக்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் காதுக்கும் அப்படித்தான் இருந்தது. மேட்டுச் சாலையில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்ன மருத்துவமனை உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு அவர்தான் தலைவர். அங்கே பாதி நாள் மின்சாரம் இருக்காது. டீசல் ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, எடை குறைந்த குழந்தைகளை வைக்கும் சூட்டுப்பெட்டி, இரண்டுக்கும் இடைவிடாமல் மின்சாரம் வேண்டும். "இந்த ஊர்க்காரர் கையாலயே இந்த ஊருக்கு வெளிச்சம்" என்று தலைமையாசிரியர் பேசத் தொடங்கிவிட்டார். குழுவில் இருந்த மருத்துவரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தெரிந்தவர் யாராவது அளந்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"வெளியில எதுக்குத் தேடணும்? தங்கச்சியே மீட்டர் ஆபீஸ்ல இருக்காங்களே!" என்றார் தலைமையாசிரியர்.

*

விடுமுறை நாள் காலை, ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனாள். தலைமையாசிரியரும் மருத்துவரம்மாவும் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். கொட்டகை பெருக்கித் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. சக்கரம் பச்சை வண்ணம் பூசிய ஓர் இரும்புப் பீடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு கயிற்றில் பத்து பல்புகள்.

அண்ணன் சுவரிலிருந்த பிளக்கில் ஒயரைச் சொருகினார். சக்கரம் முனகி, பிறகு பாடி, கடைசியில் சத்தமே இல்லாததுபோல ஆனது. பல்புகள் எரிந்தன. அவர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மருத்துவரம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

ஐந்து நிமிடம். பத்து. அரை மணி. யாரோ கை தட்டினார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை: அந்த அரை மணியில் சில நிமிடங்கள் மீட்டரம்மா நம்பினாள். படித்த புத்தகம், பார்த்த வேலை, போட்ட கையெழுத்து எல்லாம் ஒரு பக்கம் இருக்க, எட்டாவதோடு நின்ற என் அண்ணன் எல்லாரையும் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தாள். அழுதுவிடுவோமோ என்று பயந்துதான் மீட்டரைக் கையில் எடுத்தாள். கைக்கு வேலை கொடுத்தால் கண் அடங்கும்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரைக் கிளாம்ப்பால் கவ்வினாள். எழுநூறு வாட் வந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கவ்வினாள். தொள்ளாயிரம். பல்புகளின் ஒயரில் நானூறு.

மறுபடியும் பார்த்தாள். எழுநூறு வருகிறது, ஆயிரத்து முந்நூறு போகிறது. நடுவில் அறுநூறு எங்கிருந்தோ வருகிறது.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகச் சக்கரம் ஓடினால் அதைவிட்டுக் கண்ணை எடுக்காத மனுஷன், இப்போது அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய பார்வை அந்தப் பச்சைப் பீடத்துக்குப் போனது. நான்கு பக்கமும் அடைத்து, புதிதாகப் பற்றவைத்த பீடம்.

"என்னம்மா, எழுதிடலாமா?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்லைங்க. மீட்டர்ல ஏதோ கோளாறு. சரியாக் காட்ட மாட்டேங்குது" என்றாள் அவள். "இன்னொரு நாள் அளந்துக்கலாம்."

வாழ்நாளில் முதல்முறையாக மீட்டர்மேல் பழி போட்டாள். எல்லோரும் கலைந்து போகும்வரை அந்த மீட்டரைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

"எத்தனை பேட்டரிண்ணா?"

"ரெண்டு." அவர் மறுக்கக்கூட முயலவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். "கூட ஒரு இன்வெர்ட்டர். போன மாசம்தான் வெச்சேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் பாப்பா. அவங்க பாத்துட்டுப் போனதும் எடுத்துடலாம்னு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதுக்குள்ள அவங்க மனசு மாறிடக் கூடாதில்ல?"

"எது கொஞ்சம் பாக்கி?"

"நாலு நிமிஷம் ஓடினதை நாப்பத்தொண்ணு ஆக்கியிருக்கேன். எங்க கசியுதுன்னு தெரிஞ்சா அடைச்சிருவேன். இதுவரைக்கும் எல்லாத்தையும் அடைச்சுத்தானே வந்திருக்கேன்?"

அவள் போய்ப் பேரிங் கூட்டின்மேல் கை வைத்தாள். சக்கரம் நின்று வெகுநேரம் ஆகியும் வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"அன்னிக்குக் கேட்டீங்களே, சுத்தினது எங்க போச்சுன்னு. இங்கதான்ணா போச்சு. இந்தச் சூடுதான். அழியல. ஆனா இதை அள்ளித் திரும்பச் சக்கரத்துல போட முடியாது. மோட்டாரும் சுடுது, ஒயரும் சுடுது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் இப்படிப் போயிடும்."

"அடைச்சா?"

"அடைச்சுப் பாருங்க. ஒரு சொட்டு விடாம அடைச்சிட்டீங்கன்னே வெச்சுக்குங்க. அப்பவும் சும்மா சுத்திக்கிட்டுதான் இருக்கும். அதுல ஒரு பல்புக்கு எடுத்தீங்கன்னா அந்த அளவுக்கு அது மெதுவாகும். ஓட்டையை அடைச்சா குடம் குடமா இருக்கும்ணா. தண்ணி சுரக்குற ஊத்தா ஆகிடாது."

"ஆறு ஓடுது. வெயில் அடிக்குது. அதெல்லாம்?" என்றார்.

"ஆத்துக்கு மழை போடுது. மழைக்கு வெயில் போடுது. வெயிலும் சும்மா வரல, சூரியன் தன்னைக் கரைச்சுத்தான் தருது. அதுவும் ஒருநாள் தீரும். யாரோ வெளியிலேர்ந்து போட்டாத்தான் உள்ள ஓடும். உங்க சக்கரத்துக்கு யாரு போடுறா?"

அவர் எழுந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. "இதைப் பத்தாவதுலயே சொல்லியிருக்கலாமே? பரீட்சைக்கு இவ்வளவு போதும்னியே!" என்றவர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "உன்னைப் படிக்க வெச்சது என்னை அளக்கறதுக்கா?"

சொன்ன பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்கும் தெரியவில்லை, விழுங்க அவளாலும் முடியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "பேட்டரியா?" என்றாள் திரும்பாமலே.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"அது வீட்டுக்கு வந்த அன்னிக்கே தெரியும். அன்னிக்குத்தான் மொத மொதல்ல தட்டுல சோத்தை மிச்சம் வெச்சாரு." அண்ணி ஈரத்துணியை உதறினாள். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? ஒரு படிப்பும் படிக்காத எனக்கே தெரியுது. ஆனா அதை என் வாயால சொன்னா சண்டையாயிடும். உன் வாயால சொன்னா அளவாகும். நீ சொல்லித்தான் ஆகணும்."

*

மறுநாள் அவள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மேட்டுச் சாலை மருத்துவமனைக்குப் போனாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்காமலிருக்க ஏதாவது வழி அங்கே கிடைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

மருத்துவரம்மா அவளை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். சுவரோரம் குளிர்பெட்டி. அதன் கதவில், எத்தனை மணிக்கு எவ்வளவு குளிர் என்று எழுதித் தொங்கவிட்ட தாள். பக்கத்து அறையில் சூட்டுப்பெட்டி. அதற்குள் ஒரு குழந்தை. ஒரு முழம்கூட நீளமில்லை. மூடிய கண்ணிமைக்குப் பின்னால் விழி அசைவது தெரிந்தது. தாய் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"தாய் நெஞ்சுல போட்டு, மேல போர்வையைப் போட்டுச் சுத்துவோம். அதுவும் ஓர் அளவுக்குத்தான்" என்றார் மருத்துவரம்மா. "புது டீசல் ஜெனரேட்டர் கேட்டு மேல எழுதியிருந்தேன். கிடைக்கிற மாதிரிதான் இருந்துச்சு. உங்க அண்ணன் மெஷின் வருதே, கையெழுத்து பின்னால வாங்கிக்கலாம், டீசல் எதுக்குன்னு தலைவர் சொல்றாரு. வியாழக்கிழமை குழு கூடி, வேண்டாம்னு எழுதி அனுப்பப் போறாங்க."

மீட்டரம்மா சூட்டுப்பெட்டியின் ஒயர் சுவரில் சொருகியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் இரண்டு பேட்டரிகளும் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம்?

அன்று மதியம் அலுவலக மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். தலைப்பில் சக்கரத்தின் எடை, அதன்கீழ் கூட்டல், பெருக்கல் இல்லாமல் அளந்த மூன்றே எண்கள், கடைசியில் பீடத்துக்குள் மறைத்த பேட்டரிகள் பற்றி ஒரு வரி, கையெழுத்து. அதை மடித்து எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள். அண்ணன் ஏதோ ஒரு தண்டைக் கடைந்துகொண்டிருந்தார். இரும்புச் சுருள் சுருண்டு சுருண்டு விழுந்தது. அவள் தாளை லேத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையிலயே கூடறாங்க. இதை நான் படிக்கணுமா, நீங்களே சொல்றீங்களா? ரெண்டுல எதுன்னாலும் சரி. படிக்காம மட்டும் இருக்க முடியாதுண்ணா. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு குழந்தை இருக்கு."

அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"சக்கரத்தோட எடை தொண்ணூத்திரெண்டு இல்ல" என்றார். "தொண்ணூத்திநாலு. திருத்திடு."

அவள் பேனாவை எடுத்து அங்கேயே திருத்தினாள்.

*

வியாழக்கிழமை அவர்தான் பேசினார். பேச்சென்று சொல்ல முடியாது. வந்தவர்கள் உட்காருமுன் ஸ்பேனரை எடுத்துப் பீடத்தின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து இரண்டு பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தார்.

"அன்னிக்கு எரிஞ்சது இதுலதான். மெஷின்ல இல்ல. நான்தான் வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். மன்னிச்சிடுங்க."

தலைமையாசிரியர் மெதுவாக எழுந்தார். கோபப்படப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அண்ணனின் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"யாரு மிரட்டினது? எங்கிட்ட சொல்லுங்க."

"யாரும் மிரட்டலீங்க."

"நான் குழந்தை இல்லை." அவர் திரும்பி மீட்டரம்மாவைப் பார்த்தார். "தானா ஓடுற மெஷின் வந்தா மீட்டர் எதுக்கு? மீட்டர் ஆபீஸ் எதுக்கு? இந்த பேட்டரியை யாரு கொண்டுவந்து உள்ள வெச்சிருப்பாங்கன்னு எனக்குப் புரியுது. கூடப்பிறந்தவங்களையே வெச்சு…"

"வாத்தியாரே!" அண்ணன் அப்படிக் கத்தி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. பொய் சொன்னவன் நான்."

பேட்டரிகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளக்கைச் சொருகிச் சக்கரத்தை முழு வேகத்துக்குக் கொண்டுவந்தார். பல்புகள் எரிந்தன. பிளக்கைப் பிடுங்கினார். தலை நிமிர்ந்து, இந்தத் தடவை சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிடம் நன்றாக எரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் வெளிச்சம் மஞ்சளானது. மூன்றாவதில் பல்புக்குள் இருக்கும் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நான்காவது நிமிடம் முடியுமுன் சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன, பிறகு சக்கரம் நின்றது. பதினெட்டு வருஷத்தை எல்லோர் முன்னாலும் நான்கு நிமிடத்தில் அவர் கையாலேயே நிறுத்திக் காட்டினார். மீட்டரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு அரை மணி நேரம் ஓடிச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றார் தலைமையாசிரியர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கண்ணால் காண்பதும் பொய் என்று பாடம் நடத்தியவர் அவர். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரோடு நாலைந்து பேர் போனார்கள். அதற்குப் பிறகும் அவர் போகுமிடமெல்லாம், தங்கமான ஒரு மனுஷனைத் தங்கச்சியை வைத்தே வாயடைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யை அரை மணி நேரத்தில் நம்பியவர்களுக்கு உண்மையை நம்ப ஓர் ஆயுள் போதவில்லை.

மருத்துவரம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே குழுவின் தாளை வாங்கி, வேண்டாம் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, உடனே வேண்டும் என்று எழுதினார். எழுந்து போகும்போது மீட்டரம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். ஐந்து வாரத்தில் டீசல் ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது.

*

அண்ணன் அவளோடு பேச ஏழு மாதம் ஆனது. கோபமில்லை, வெட்கம் என்றாள் அண்ணி. அவள் வாராவாரம் போவாள். அண்ணியோடு பேசிவிட்டு, அவர் பட்டறையிலிருந்து வரும் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். கொட்டகைக்கு அவர் பூட்டுப் போட்டிருந்தார்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, எங்கோ புறப்பட்டவர்போல இருந்தார்.

"இத்தனை வருஷமா ஒயர்ல வருது, சுவிட்சைப் போடறேன். அது எங்கேருந்து வருதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல" என்றார். "உன்னால காட்ட முடியுமா?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி, மூன்று மணி நேரம். அணைக்கட்டின் அடியில் ஒரு சின்ன மின்நிலையம். அங்கே பொறுப்பிலிருந்த ஷிப்ட் ஆபரேட்டர் அவளோடு பயிற்சி எடுத்தவர். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் மூன்று இயந்திரங்கள். இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது.

அண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு ஆபரேட்டரிடம் கேட்க ஆரம்பித்தார். என்ன பேரிங்? எண்ணெய் எவ்வளவு சூடாகும்? அந்தச் சூட்டை எப்படி எடுப்பீங்க? ஆபரேட்டர் சலிக்காமல் சொன்னார். தண்ணீர் தருவதில் நூற்றுக்கு எண்பத்தெட்டுதான் ஒயருக்குப் போகிறது, மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது என்றார்.

"இவ்வளவு பெரிய மெஷினுக்குமா?" என்றார் அண்ணன். அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை. நெடுநாள் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த ஒரு நோய் ஊருக்கே இருக்கிறது என்று தெரிந்தவரின் குரல் அது. "மூணாவது ஏன் நிக்குது?"

"எண்ணெய் பம்ப் ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு. கடைஞ்சு தர ஆள் இல்ல. புதுசு கேட்டு வெளியூருக்கு எழுதி ரெண்டு மாசமாச்சு."

அண்ணன் பழைய தண்டைப் பார்க்கவேண்டும் என்றார். எடுத்துவந்து கொடுத்தார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தேய்மானத்தைத் தடவினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மீட்டரம்மா இரண்டு தரம் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. ஆபரேட்டரிடம் அளவுகருவியை வாங்கி வைத்துப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து அளவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். ஓர் அளவில் சந்தேகம் வந்து நிறுத்தி, தண்டையும் கருவியையும் அவள் பக்கம் நீட்டினார்.

"என் கண்ணு மேல இப்ப அவ்வளவு நம்பிக்கையில்ல. நீ ஒரு தரம் பாத்துச் சொல்லு."

அவள் வாங்கிப் பார்த்து எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவர்கள் இறங்கி வந்தபோது பஸ் போயிருந்தது. ஆபரேட்டர் தன் ஷிப்ட் முடிந்ததும் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அதுவரை இருவரும் கால்வாய்க் கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். சக்கரங்களைச் சுற்றிவிட்டு வந்த தண்ணீர் கீழே நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார், இது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று. கடல்வரைக்கும் என்றாள் அவள்.